பழியைப் புயல் தலையில் கட்டாதீர்கள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி வந்து, நகர மனமில்லாமல் நின்று, மழையைக் கொட்டித் தீர்த்தது. 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியபோது, இங்கே நகரம் தண்ணீரில் கிடந்தது. இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றிலிருந்து ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 47 ஆண்டுகளாகக் காணாத மழை, எந்த ஊராலும் தாங்க முடியாது, வடசென்னைக்கு நேர்ந்ததும் அந்த மழையால்தான், நிவாரணம் கொடுத்தாகிவிட்டது, இனி வடிகாலைப் பெரிதாக்கினால் போதும்.

ஆளுங்கட்சி இப்படிச் சொன்னது. எதிர்க்கட்சிகள் 4,000 கோடி ரூபாய் மழைநீர் வடிகால் என்ன ஆயிற்று என்று கேட்டன. தொலைக்காட்சி விவாதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் ஓடின. இரண்டு தரப்பும் பேசியது மழைத்தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

வடசென்னையில் டோல்கேட்டைத் தாண்டி வடக்கே போனால் இந்த விளக்கம் நிற்காது. காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, எர்ணாவூர், எண்ணூர் என்று நீளும் சாலையில் வலப்பக்கம் கடல். இடப்பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் ஒடுங்கிய மணல்மேடு. அந்த மேட்டின்மேல்தான் ஊர்கள் இருக்கின்றன. கால்வாய்க்கு மேற்கே மணலியின் ஆலைகள். புயல் இங்கே கொண்டுவந்தது காற்றும் தண்ணீரும்தான். அந்த டிசம்பரில் இந்த மக்களின் வீட்டையும் வலையையும் மூச்சையும் கெடுத்த எண்ணெயும் அமோனியாவும், ஆற்றை அடைத்திருந்த சாம்பலும் வங்கக் கடலின் தாழ்வு மண்டலத்தில் உருவானவை அல்ல. ஆலைகள் கொண்டுவந்து சேர்த்தவை. அவற்றையும் புயல்சேதம் என்று ஒரே கணக்கில் எழுதுவது பெரும் தவறு. யாரிடம் போய்க் கேட்க வேண்டுமோ அவர்களை அந்தக் கணக்கு தப்பவிடுகிறது.

முதலில் 47 ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பதிவானது. 47 ஆண்டு என்பது அந்த நாளிலிருந்து எண்ணி வருவது. அப்படியென்றால் இந்த அளவு மழை இந்த ஊரில் பெய்யும் என்பது 1976-லேயே தெரிந்த செய்தி. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-லிருந்து இயங்குகிறது. அந்த மழையை அது தன் வளாகத்திலிருந்தே பார்த்திருக்கிறது. யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடப்படும் அதே எண், எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி சொல்கிறது.

அதற்குப் பிறகும் எச்சரிக்கைக்குக் குறைவில்லை. 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அப்போது அதை நூறாண்டு காணாத மழை என்றார்கள். எட்டே ஆண்டில் இன்னொன்று வந்துவிட்டது. நடுவில் 2021 நவம்பரில் மணலி புதுநகர் மீண்டும் மூழ்கியது. மிக்ஜாமையும் வானிலை ஆய்வு மையம் நாட்கணக்கில் முன்னதாகவே சொல்லிவிட்டது. டிசம்பர் 4 அன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு முன்கூட்டியே பொது விடுமுறை விடப்பட்டது. பள்ளிக்கூடத்தைப் பூட்டும் அளவுக்கு நம்பிக்கையான முன்னறிவிப்பு, எண்ணெய்த் தொட்டிகளின் தளத்தைச் சுத்தம் செய்து காலிசெய்து வைப்பதற்கும் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இனி அந்த எண்ணெயின் கதை. பூண்டி ஏரி நிரம்பினால் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூருக்கு வரும். புழல் ஏரி நிரம்பினால் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக அங்கேயே வந்து சேரும். பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கேதான் போய்க் கலக்கும். மூன்று தண்ணீருக்கும் கடலுக்குள் போக ஒரே வாய், முகத்துவாரக்குப்பத்தை ஒட்டிய கழிமுகம். டிசம்பர் 4-ஆம் தேதி இந்தத் தண்ணீரெல்லாம் மணலியைச் சூழ்ந்து நின்றபோது, திருவொற்றியூர் மேற்கிலும் எர்ணாவூரிலும் வீடுகளுக்குள் வந்த வெள்ளம் கறுப்பாக இருந்தது.

வெள்ளம் வடிந்தால் சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு நிற்கும், கழுவினால் போய்விடும். இங்கே நின்றது கறுப்புக் கோடு, தொட்டால் விரலில் ஒட்டும் பிசுக்கு. அரிசியும் பாயும் பள்ளிப் பையும் கிரைண்டரும் அந்தப் பிசுக்கில் ஊறிக் கிடந்தன. வீட்டுக்குள் டீசல் வாடை. குழந்தைகளுக்குக் கண் எரிச்சலும் தோல் அரிப்பும். அந்த எண்ணெய் கால்வாயோடு வடக்கே போய்க் காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று ஒவ்வொன்றாகப் படிந்தது. அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்களில் ஏறியது. கூழைக்கடாக்கள் வெள்ளை இறகு கறுத்து நின்றன. கழிமுகத்தைத் தாண்டிக் கடலில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு எண்ணெய் படர்ந்ததைக் கடலோரக் காவல்படை கண்டு, ஹெலிகாப்டரிலிருந்து எண்ணெய் கரைக்கும் மருந்தைத் தெளித்தது.

வலையில் ஆயில் ஏறினால் என்ன ஆகும் என்பதை எண்ணூர்க் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நைலான் நூலின் முடிச்சுக்குள் போன பிசுக்கைச் சோப்புப் போட்டாலும் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் முழுதாக எடுக்க முடியாது. வாடை பிடித்த வலையில் விழும் இறாலை வாங்க ஆள் வராது. பைபர் படகின் பக்கச் சுவரைச் சுரண்டிவிடலாம், வலையைச் சுரண்ட முடியாது. ஆற்றில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கோ படகும் இல்லை, வலையும் இல்லை, கைதான் கருவி. அந்தக் கை வைக்கும் சேறு எண்ணெயானது. இதைப் புயல்சேதப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம், தன் குழாய்கள் எதிலும் கசிவு இல்லை என்றது. வெள்ளம் வளாகத்துக்குள் புகுந்து எண்ணெய்ப் பிசிறுகளை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பதுதான் அதன் வாதம். வெள்ளம் வந்தது, எண்ணெய் போனது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது இதன் பொருள். பலருக்கு இது நியாயமாகவும் பட்டது. ஆனால் ஆலையை ஆய்வுசெய்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்றது. தாழ்வான இடங்களில் தேங்கியிருந்த எண்ணெயை வெள்ளம் கால்வாய்க்குக் கொண்டுபோனது என்று கண்டது.

இந்த இரண்டு கூற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் விஷயம் விளங்கும். எண்ணெய் ஆலைக்குள் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. இயந்திரங்களும் தொட்டிகளும் இருக்கும் தளத்தில் விழும் மழை எண்ணெய் கலந்தது. அதைத் தனி வடிகாலில் எடுத்து, பிரிப்புத் தொட்டியில் எண்ணெயை வழித்து, சுத்திகரித்த பின்புதான் வெளியே விட வேண்டும். மற்ற இடங்களில் விழுவது வெறும் மழைநீர். இரண்டும் கலக்காமல் காப்பதும், பெருமழையின்போது எண்ணெய்த் தண்ணீரைத் தேக்கிவைக்கக் காப்புக் குளம் வைத்திருப்பதும், மழைக்கு முன் அந்தக் குளத்தைக் காலியாக வைத்திருப்பதும் ஆலை நடத்துபவரின் அன்றாட வேலை. ஆக, குழாய் உடையவில்லை என்று நிறுவனம் சொல்வது உண்மையாக இருந்தாலும் அது விடுதலைப் பத்திரம் ஆகாது. குழாய் உடையாமலே இவ்வளவு எண்ணெய் வெளியேற முடிந்தது என்றால், அன்றாடக் கவனிப்பில் குறை இருந்தது என்றுதான் அர்த்தம்.

சட்டமும் இந்தத் தப்பிப்பை அனுமதிக்கவில்லை. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயுக் கசிவு நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, இந்தியச் சட்டத்தில் ஒரு திருப்புமுனை. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்பவர், அதனால் வரும் சேதத்துக்கு முழுப் பொறுப்பு. கவனமாக இருந்தேன் என்பது பதிலாகாது. இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு விதியில் கடவுள் செயலால் நேர்ந்தது என்றால் பொறுப்பில்லை என்ற விலக்கு இருந்தது. அத்தகைய விலக்கு எதுவும் இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-வது பிரிவும், விபத்து என்றால் குற்றம் யாருடையது என்று பாராமலே பொறுப்பைச் சுமத்தச் சொல்கிறது. புயல்மேல் பழி போடும் வாதத்தை இந்த நாட்டின் சட்டம் 1986-லேயே நிராகரித்துவிட்டது. எண்ணூர் விஷயத்தில் மட்டும் அது பொதுப்பேச்சில் இன்னும் செல்லுபடியாகிறது.

இந்த நிலை எண்ணூருக்கு மட்டும் வந்ததில்லை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானாவைத் தாக்கியபோது, மெரோ என்ற ஊரில் மர்ஃபி ஆயில் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி ஒன்று வெள்ளத்தில் மிதந்து தன் இடத்தைவிட்டு நகர்ந்தது. சுமார் 25,000 பீப்பாய் கச்சா எண்ணெய் கொட்டி, பக்கத்துக் குடியிருப்பில் ஏறத்தாழ 1,800 வீடுகளுக்குள் புகுந்தது. கத்ரீனாவைவிடப் பெரிய சாக்கு அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருக்காது, ஊரே மூழ்கியிருந்தது. இருந்தும் குடியிருப்பவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். நிறுவனம் 330 மில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்டது. பக்கத்துத் தெருக்களின் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதும் வீடுகளைச் சுத்தம் செய்வதும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். வெள்ளத்தால் நனைந்த வீடு வேறு, எண்ணெயால் நனைந்த வீடு வேறு என்று அங்கே பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவினையிலிருந்துதான் இழப்பீடு பிறந்தது.

2017-இல் ஹார்வி சூறாவளியின்போது டெக்சாஸின் கிராஸ்பியில் அர்க்கீமா ரசாயன ஆலை மூழ்கி, மின்சாரம் போய், குளிரில் வைக்க வேண்டிய ரசாயனங்கள் சூடேறித் தீப்பற்றின. வெள்ளமும் புயலும் ஆலைக்குள் புகுந்து விளைவிக்கும் இப்படிப்பட்ட விபத்துகளைத் தனி வகையாகவே வைத்துப் பல நாடுகள் ஆராய்கின்றன. வெள்ளக் கோட்டுக்குக் கீழே நிற்கும் ஆலை எவ்வளவு உயரத் தண்ணீருக்குத் தயாராக இருக்கிறது என்பதே அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.

நிவாரணம் கொடுத்தாயிற்று என்ற அடுத்த வாதத்துக்கு வருவோம். எண்ணெய்க் கசிவுக்காகத் தமிழ்நாடு அரசு அறிவித்த தொகை 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500; 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500; 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அடுப்பெரிய அது உதவியது. ஆனால் நிவாரணம் என்பது அரசின் கருணை, இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. வலை போனது, மாதக்கணக்கில் மீன் விலைபோகாதது, ஆற்றுச் சேறு கெட்டது, நாளை தோலிலும் நுரையீரலிலும் வரப்போவது ஆகியவற்றையெல்லாம் மதிப்பிட்டுக் கேட்டுப் பெறுவது இழப்பீடு. 12,500 ரூபாயில் அந்த மதிப்பீடு எங்கே இருக்கிறது? மணலி ஆலையை நடத்தும் நிறுவனம் 2022-23 நிதியாண்டில் ஈட்டிய நிகர லாபம் சுமார் 3,500 கோடி ரூபாய். கசிந்தது அதன் வளாகத்து எண்ணெய் என்று அரசின் வாரியமே கண்டிருக்கும்போது, முதல் தொகை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

சுத்தம் செய்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் கரையில் கல் இடுக்குகளில் திரண்ட எண்ணெயைப் பக்கெட்டால் அள்ளினார்கள். அந்தப் படங்களை நாடே பார்த்தது. பெரிய துறைமுகங்களையும் சுத்திகரிப்பு ஆலையையும் வைத்திருக்கும் கரையில் எண்ணெயை உறிஞ்சும் கருவியும் தடுப்பு மிதவையும் தயாராக இருக்க வேண்டும் என்று அப்போது பேசாதவர் இல்லை. ஏழு ஆண்டு கழித்து 2023 டிசம்பரில், அதே எண்ணூரில், மீனவர்கள் மீண்டும் பக்கெட்டும் குவளையும் எடுத்து ஆற்றில் இறங்கினார்கள். தொடக்க நாட்களில் பலர் கையில் உறையும் இல்லை. மும்பையிலிருந்து நிறுவனத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக் கெடு விதித்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. 2017 விபத்தில் புயல் எதுவும் இல்லை. 2023-இல் இருந்தது. பக்கெட் மட்டும் மாறவில்லை.

எண்ணெய் அடங்கும் முன்பே அமோனியா வந்தது. டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குப் போகும் குழாயில் கசிவு. கப்பலிலிருந்து அமோனியா இறக்குவதற்காகக் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு, மிக்ஜாம் புயலின்போது குழாயைச் சுற்றியிருந்த பெரும் பாறைகள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது, 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கும் பரிந்துரைத்தது.

இங்கேயும் புயலே காரணம் என்று வாசித்துவிட்டுப் போய்விடலாம். தேதிகளைப் பார்த்தால் அப்படிப் போக முடியாது. புயல் கரை கடந்தது 5-ஆம் தேதி. கசிவு 26-ஆம் தேதி. நடுவில் மூன்று வாரம். கடலடியில் பாறைகளை உருட்டும் அளவுக்குப் புயல் வந்துபோன பிறகு, ஊருக்கு எதிரே கிடக்கும் நச்சுவாயுக் குழாயை முழுதாகச் சோதித்து, சரி என்று உறுதியான பின்பே இயக்கியிருக்க வேண்டும். பாறையை உருட்டியது புயலாக இருக்கலாம். அந்தக் குழாயை மறுபடி இயக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

இப்போது வடிகால். புயலிலிருந்து கற்ற பாடம் என்று அதிகம் பேசப்படுவது இதுதான். கொசஸ்தலை வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில் 769 கிலோமீட்டர் வடிகால் திட்டம் போடப்பட்டது. தெருத் தண்ணீரை எடுக்க வடிகால் வேண்டும், அதில் மறுப்பில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. எல்லாம் கடைசியில் எண்ணூர்க் கழிமுகத்துக்குத்தான் வர வேண்டும். அந்தக் கழிமுகத்தில் என்ன இருக்கிறது? 1990-களிலிருந்து இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசல், குழாய்கள் வழியாக ஆற்றைக் கடந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகி ஆற்றுப்படுகையிலும் சதுப்பிலும் சாம்பல் படிந்தது. முன்பு படகு ஓடிய இடத்தில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கிறது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு, வழக்கும் நடத்தினார்கள். 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. கழிமுகத்தின் சதுப்புநிலத்தில் துறைமுகமும் நிலக்கரிக் கிடங்கும் சாலையும் மின்நிலையமும் எழுந்தன. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடம் இந்தச் சதுப்பைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியிருந்தும் இவ்வளவும் நடந்தது.

தொண்டை அடைத்தவனுக்கு வாயில் இன்னும் பெரிய புனல் வைப்பதால் தண்ணீர் இறங்காது. கழிமுகம் தண்ணீரை வாங்காதபோது கால்வாய் நிரம்பும். கால்வாய் நிரம்பினால் வடிகாலின் வாய் மூழ்கி, தண்ணீர் வந்த வழியே தெருவுக்குத் திரும்பும். கால்வாயில் எண்ணெய் இருந்தால் அதுவும் கூடவே வரும். கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை எல்லோரும் கேட்டோம். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்வது உண்மைதான். அது சில மணி நேரத்து விஷயம். முப்பது ஆண்டாகப் படிந்த சாம்பல் ஆண்டின் எல்லா நாளும் அங்கேயே கிடக்கிறது.

கரையைப் பற்றியும் இதே பேச்சுதான். ஒவ்வொரு புயலிலும் திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது, வீட்டை எடுத்தது, சாலையை அரித்தது என்று செய்தி வரும். இயற்கைச் சீற்றம் என்று தலைப்பு வைப்பார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுதும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காக அலைதாங்கிச் சுவர்கள் கட்டப்பட்டன. 1881-இல் ஒரு புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை தேய்ந்துகொண்டே போனது. இன்று தெற்கே குடும்பங்கள் மாலையில் உட்காரும் மணற்பரப்பு, வடக்கே படகு இழுக்க இடமில்லாமல் கருங்கல் கொட்டிய கரை. ஒரே கடல், ஒரே புயல். நடுவில் ஒரு துறைமுகம்.

ஆற்றோரத்திலும் தாழ்விடத்திலும் குடியேறியவர்கள் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. நகரின் வேறு பகுதிகளில் இதை எளிதாகச் சொல்கிறார்கள். எண்ணூரின் மீனவக் குப்பங்கள் எந்த ஆலைக்கும் முந்தியவை. மணலி புதுநகர் அரசின் நகர வளர்ச்சிக் குழுமமே திட்டமிட்டு மனை பிரித்து உருவாக்கிய ஊர். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களை அரசுதான் கொண்டுவந்து எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடிவைத்தது. ஒரு பேரிடரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, எண்ணெய் ஆலைக்கும் கால்வாய்க்கும் பக்கத்தில் கொண்டுபோய் விட்ட பிறகு, இங்கே ஏன் இருக்கிறீர்கள் என்று அவர்களையே கேட்பது அநியாயம்.

இவ்வளவு சொன்னால், அப்படியானால் ஆலைகளே வேண்டாமா, மின்சாரம் எங்கிருந்து வரும், பெட்ரோல் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் மணலி ஆலை மாநிலத்தின் எரிபொருள் தேவைக்கு முக்கியம் என்பதில் ஐயமில்லை. அதன் முக்கியத்துவம்தான் அதன் கடமையைக் கூட்டுகிறது. மின்சாரமும் பெட்ரோலும் நகரம் முழுதும் போகின்றன. சாம்பலும் எண்ணெயும் வாயுவும் டோல்கேட்டுக்கு வடக்கேயே தங்கிவிடுகின்றன. காசிமேட்டிலிருந்து முகத்துவாரம் வரை நடக்கும் மீன்பிடிப்பும் ஒரு தொழில்தான். ஒரு தொழிலின் கழிவை இன்னொரு தொழில் சுமக்கும் இந்த ஏற்பாட்டை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. எண்ணெய்க் கசிவின் ஓராண்டு நிறைவில், 2024 டிசம்பரில், எர்ணாவூரில் இன்னொரு அனல்மின் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது.

மிக்ஜாமிலிருந்து உண்மையில் கற்க வேண்டியவை செய்யக்கூடிய காரியங்கள்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் முடிவதற்குள் மணலி, எண்ணூர் பகுதியின் ஒவ்வொரு அபாயத் தொழிற்சாலையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் சோதிக்க வேண்டும். காப்புக் குளத்தின் கொள்ளளவு என்ன, 1976-இலும் 2023-இலும் பெய்த மழைக்கு அது போதுமா, குளம் காலியாக இருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை எழுதி, அந்தத் தாளைத் திருவொற்றியூர், மணலி மண்டல அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும். தடுப்பு மிதவையும் உறிஞ்சு கருவியும் மும்பையில் இருந்து பயனில்லை. முகத்துவாரத்தில் கிடங்கு போட்டு வைக்க வேண்டும். அள்ளப்போவது கடைசியில் மீனவர்கள்தான் என்றால், அவர்களுக்கு முன்பே பயிற்சியும் கையுறையும் முகக்கவசமும் காப்பீடும் கூலியும் உறுதியாக வேண்டும். கடலடிக் குழாய் எதையும் புயலுக்குப் பிறகு சோதனைச் சான்று இல்லாமல் இயக்க விடக் கூடாது. குப்பங்களில் அபாயச் சங்கு வேண்டும். காற்றடிக்கும் திசை பார்த்து எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். ஆற்றிலிருந்து சாம்பலை அகற்றும் வேலையைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி, காலக்கெடுவோடு, மின்வாரியத்தின் செலவில் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மாற வேண்டியது சேதக் கணக்கு எழுதும் முறை. மிக்ஜாமுக்குப் பிறகு மாநில அரசு இடைக்கால நிவாரணமாக 5,060 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசுக்கு எழுதியது. அடுத்த புயலுக்குப் பிறகும் இப்படி ஒரு கடிதம் போகும். அப்போது சேத அறிக்கை இரண்டு பகுதிகளாக இருக்க வேண்டும். காற்றும் மழையும் அழித்தவை ஒரு பகுதி. அதற்கு மாநில, மத்திய அரசுகளின் பேரிடர் நிதி. ஆலைகளிலிருந்து வெளியேறியவை அழித்தவை இன்னொரு பகுதி. ஒவ்வொரு வீட்டையும் வலையையும் படகையும் நேரில் பார்த்து மதிப்பிட்டு, வெளியேற்றிய நிறுவனத்தின் பெயர் போட்டு, தொகை போட்டு, அந்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டிய கோரிக்கை அது. பொதுத்துறை நிறுவனம், தனியார் நிறுவனம், அரசின் மின்வாரியம் என்ற வித்தியாசம் அதில் கூடாது. அந்த இரண்டாம் பகுதியை எழுதும் பொறுப்பு யாருடையது என்பதை மாவட்ட ஆட்சியர் அடுத்த பருவமழைக்கு முன்பே ஆணை மூலம் அறிவிக்க வேண்டும். அதை வடசென்னையின் சட்டமன்ற உறுப்பினர்களும் மாநகராட்சி உறுப்பினர்களும் இப்போதே கேட்க வேண்டும்.